அல்ட்ராசோனிக் பீமை கம்ப்யூட்டர்ல மாடல் பண்றது எப்படி: தண்ணியில இருந்து ஸ்டீல்ல இருக்கிற ஓட்டை வரைக்கும்

யூடி, அதாவது அல்ட்ராசோனிக் டெஸ்டிங், சிமுலேஷன் ப்ராஜெக்ட் எடுக்கறவங்க நிறைய பேர் செய்ற முதல் வேலை என்னன்னா, ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து தண்ணி, ஸ்டீல், ஓட்டை எல்லாத்தையும் வரைஞ்சு மொத்தத்துக்கும் மெஷ் போட்டு (சின்ன சின்ன கட்டமா பிரிச்சு) ரன் குடுத்துடறது. ராத்திரி முழுக்க ஓடும், காலைல பாத்தா மெமரி பத்தலைன்னு நின்னிருக்கும், இல்லைன்னா கலர் கலரா ஒரு படம் வந்திருக்கும், ஆனா அது சரியா தப்பான்னு சொல்றதுக்கு கைல ஒண்ணும் இருக்காது. என்னைக் கேட்டா மெஷ் போடறது கடைசி வேலை. அலை பாட்டுக்கு நேரா போயிட்டிருக்கிற தூரத்துக்கெல்லாம் ஃபார்முலாவும் எஃப்எஃப்டியும் (சிக்னலைப் பல அலைகளா வேகமா பிரிக்கற ஃபூரியர் கணக்கு) போதும், அது எங்க போய் முட்டி சிதறுதோ அந்த சின்ன இடத்துக்கு மட்டும் தான் மெஷ் வேணும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசைல தான் போகப் போறேன்.

பொதுவா பேசினா ஒண்ணும் புரியாது, அதனால ஒரே ஒரு கேஸை எடுத்துக்கலாம். அரை இன்ச் விட்டம், அதாவது 12.7 மி.மீ, 5 மெகாஹெர்ட்ஸ், ஃபோகஸ் இல்லாத வட்டமான இம்மெர்ஷன் ப்ரோப், அதாவது தண்ணிக்குள்ள முக்கி வெச்சு அலை விடற ப்ரோப். 50 மி.மீ தண்ணி, அதுக்குக் கீழ ஸ்டீல் பிளாக், மேற்பரப்புல இருந்து 20 மி.மீ ஆழத்துல 1.5 மி.மீ விட்டத்துல பக்கவாட்டுல துளைச்ச ஓட்டை, எஸ்டிஹெச்னு சொல்வாங்களே அது. தண்ணில வேகம் 1480 மீ/செ, ஸ்டீல்ல லாங்கிடியூடினல் (போற திசையிலயே துகள் ஆடற அலை) 5900, ஷியர் (குறுக்கா ஆடற அலை) 3230, ஸ்டீல் அடர்த்தி 7850 கி.கி/கன மீட்டர். இந்த நம்பர்கள் கடைசி வரைக்கும் கூட வரும்.

ஸ்டெப் 1: பேப்பர்ல ஒரு பக்கம்

கம்ப்யூட்டரைத் தொடறதுக்கு முன்னாடி வேவ்லெங்க்த் எல்லாத்தையும் எழுதுங்க. 5 மெகாஹெர்ட்ஸ்ல தண்ணிக்கு 0.296 மி.மீ, ஸ்டீல் லாங்கிடியூடினலுக்கு 1.18 மி.மீ, ஷியருக்கு 0.646 மி.மீ. இதுல ஒரு விஷயம் இப்பவே கண்ல படணும்: இருக்கறதுலயே சின்ன வேவ்லெங்க்த் தண்ணில தான் இருக்கு. ஒண்ணுமே நடக்காத தண்ணிக்குத் தான் ரொம்ப நெருக்கமா மெஷ் கேக்கும்னு அர்த்தம்.

அடுத்தது நியர் ஃபீல்ட் நீளம், அதாவது ப்ரோப்புக்குப் பக்கத்துல அழுத்தம் ஏறி இறங்கற பகுதி எவ்வளவு தூரம்னு. விட்டத்தோட வர்க்கத்தை நாலு மடங்கு வேவ்லெங்க்தால வகுத்தா தண்ணில 136 மி.மீ வருது. நம்ம தண்ணி 50 மி.மீ தான், அப்போ ஸ்டீல்ல எங்க போய் நியர் ஃபீல்ட் முடியும்? ஸ்டீல்ல ஒரு மி.மீ போறது, வேக விகிதம் 3.99 ஆச்சே, தண்ணில கிட்டத்தட்ட 4 மி.மீ போறதுக்கு சமம். மிச்சம் இருக்கற 86 மி.மீயை 3.99ஆல வகுத்தா 21.6 மி.மீ. அதாவது நம்ம ஓட்டை பீமோட கடைசி உச்சத்துக்கு ரொம்ப பக்கத்துல உக்காந்திருக்கு, தற்செயலா இல்ல, அப்படி வரட்டும்னு தான் 50ஐ எடுத்தேன். அந்த இடத்துல பல்ஸ் எக்கோல (அதே ப்ரோப்பே அனுப்பி எக்கோவையும் வாங்கறது) எக்கோ பாதியா குறையற மைனஸ் 6 டிபி பீம் அகலம் விட்டத்துல ஏறக்குறைய கால் பங்கு, 3.3 மி.மீ கிட்ட.

பீம் விரியற கோணத்தையும் போட்டுக்கங்க. சைன் மதிப்பு 1.22 பெருக்கல் வேவ்லெங்க்த் வகுத்தல் விட்டம்னா தண்ணில 1.6 டிகிரி, அதுவே ஸ்டீலுக்குள்ள போகும்போது ஒளிவிலகல்ல 6.5 டிகிரி ஆயிடும். தண்ணி-ஸ்டீல் முதல் கிரிட்டிகல் கோணம் (இதுக்கு மேல லாங்கிடியூடினல் ஸ்டீலுக்குள்ள போகாது) 14.5 டிகிரி, ரெண்டாவது (ஷியரும் போகாது) 27.3, நம்ம பீம் அதுக்கெல்லாம் ரொம்ப உள்ளார இருக்கு, அதனால மெயின் பீம் போற இடத்துல ஷியரைப் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம்.

ஸ்டெப் 2: முதல்ல விடை தெரிஞ்ச கணக்கு

வட்டமான பிஸ்டன் ப்ரோப்போட (முகம் முழுக்க ஒண்ணா ஆடற ப்ரோப்) நடு அச்சுல அழுத்தத்துக்கு எக்ஸாக்ட் ஃபார்முலா இருக்கு. ப்ரோப் ஓரத்துல இருந்து அந்த புள்ளிக்கு இருக்கற தூரம், நடுவுல இருந்து இருக்கற தூரம், ரெண்டுக்கும் வித்தியாசத்தை எடுத்து, அதை அலை எண்ணோட (2 பை வகுத்தல் வேவ்லெங்க்த்) பாதியால பெருக்கி, சைன் போட்டு, ரெண்டால பெருக்கினா சார்பு அழுத்தம் வந்துடும். அந்த வித்தியாசம் முழு வேவ்லெங்க்தா இருக்கற இடமெல்லாம் ஜீரோ. நம்ம ப்ரோப்புக்கு கடைசி ஜீரோ 68 மி.மீல, அதுக்கு முந்தினது 33.8 மி.மீல, கடைசி உச்சம் 136ல.

இந்த மூணு நம்பரையும் ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டிக்கங்க. இனிமே எழுதற எந்த ப்ரோக்ராமும் சுத்தமான தண்ணிக்கு, ஒரே ஃப்ரீக்வென்ஸிக்கு இந்த மூணு இடத்தையும் காட்டலைன்னா மேல போகவே கூடாது. பத்து வரில முடியற செக், ஆனா செய்றவங்க கம்மி, ஏன்னே தெரியல.

ஸ்டெப் 3: ராலே-சோமர்ஃபெல்ட் இன்டெக்ரல்

ப்ரோப் முகத்தை சின்ன சின்ன துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டும் ஒரு புள்ளி சோர்ஸ்னு வெச்சு, ஒவ்வொண்ணுல இருந்தும் வர்ற அலையை ஃபேஸோட கூட்டறது தான் இது. ப்ரோப்பைச் சுத்தி ரிஜிட் பேஃபிள் (அசையாத சுவர்) இருக்குன்னு ஒரு அனுமானம் உள்ள இருக்கு, இந்த மாதிரி ப்ரோப்புக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல.

துண்டு எவ்வளவு சின்னதா இருக்கணும்? ப்ரோப்புக்குப் பக்கத்துல பாக்கணும்னா வேவ்லெங்க்துல ஆறுல ஒரு பங்கு, 0.05 மி.மீ எடுங்க. முகத்தோட பரப்பு 127 சதுர மி.மீ, ஆக சுமார் 50,000 துண்டு. 200க்கு 200 புள்ளில ஒரு படம் வேணும்னா 200 கோடி கணக்கு. பைத்தானோட நம்பை லைப்ரரில லூப் போடாம வெக்டரா எழுதினா லேப்டாப்லயே முடிஞ்சுடும், டீ குடிச்சிட்டு வரலாம். தூரமா மட்டும் பாக்கப் போறீங்கன்னா துண்டைப் பெருசாக்கலாம், ஏன்னா ஒரு துண்டுக்குள்ள ஃபேஸ் ரொம்ப மாறாம இருந்தா போதும். வட்ட ப்ரோப்புக்கு சிமெட்ரி இருக்கறதால ஆர திசைல ஒரு பக்கம் மட்டும் கணக்கு போட்டு சுத்தி விட்டாலும் சரி.

இங்க ஒரு ரொம்ப பழைய தலைவலி இருக்கு, சைன் கன்வென்ஷன். டைம் பகுதில மைனஸ் ஐ ஒமேகா டின்னு எடுத்தீங்கன்னா வெளில போற அலைக்கு பிளஸ் ஐ கே ஆர். அதையே பிளஸ்ல எடுத்தீங்கன்னா எல்லாம் தலைகீழ். ஒரே ப்ரோக்ராம்ல ரெண்டும் கலந்தா ஆம்ப்ளிட்யூட் படம் அழகா வரும், டைம்ல மாத்தும்போது எக்கோ முன்னாடியே வந்து நிக்கும். முதல் வரிலயே கமென்ட்டா எழுதி வெச்சிடுங்க எது உங்க கன்வென்ஷன்னு.

இதே குடும்பத்துல டிபிஎஸ்எம் (டிஸ்ட்ரிபியூட்டட் பாயின்ட் சோர்ஸ் மெத்தட்)னு ஒண்ணு இருக்கு, பிளாக்கோவும் கண்டுவும் வளத்தெடுத்தது. புள்ளி சோர்ஸ்களை ப்ரோப் முகத்துக்கு கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சு, எல்லையில கண்டிஷன் பொருந்தற மாதிரி அதோட பலத்தை மேட்ரிக்ஸ் போட்டு கண்டுபிடிக்கறது. இன்டர்ஃபேஸ் வந்தா அங்கயும் ரெண்டு பக்கமும் சோர்ஸ் வரிசை வெக்கலாம். கருத்து அழகு தான், ஆனா மேட்ரிக்ஸ் சீக்கிரமே பெருசாயிடும், நம்ம கேஸுக்கு அவசியம் இல்ல.

ஸ்டெப் 4: ஆங்குலர் ஸ்பெக்ட்ரம், இங்க தான் நேரம் செலவு பண்ணணும்

இந்த வழிகாட்டில ஒரே ஒரு மெத்தட் தான் கத்துக்குவேன்னு சொன்னீங்கன்னா இதைக் கத்துக்கங்க. ப்ரோப் முகத்துல இருக்கற அழுத்தத்தையோ வேகத்தையோ 2டி எஃப்எஃப்டி போட்டா அது பல கோணத்துல போற பிளேன் வேவ்களா பிரிஞ்சுடும். பிளேன் வேவுக்கு முன்னாடி நகர்றது ரொம்ப சுலபம், ஒரு ஃபேஸ் காரணியால பெருக்கறது மட்டும் தான். பெருக்கிட்டு இன்வர்ஸ் எஃப்எஃப்டி போட்டா 50 மி.மீ தள்ளி இருக்கற ஃபீல்ட் வந்துடும், நடுவுல ஒரு கிரிட் கூட கிடையாது, ஒரே தாவல்.

கிரிட் 0.1 மி.மீ, 512க்கு 512 எடுத்துக்கலாம், அகலம் 51.2 மி.மீ. ப்ரோப் விளிம்பு இந்த கிரிட்ல படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும், அதனால விளிம்புல இருக்கற பிக்சலுக்கு ஒண்ணு அல்லது ஜீரோன்னு போடாம, எவ்வளவு பங்கு வட்டத்துக்குள்ள இருக்கோ அந்த பின்னத்தைப் போடுங்க. சின்ன வேலை தான், ஆனா அச்சுல வர்ற ஜீரோக்கள் இதுல தான் சரியாகும்.

இப்போ பொறிகள். எஃப்எஃப்டி எப்பவுமே உங்க படம் பக்கவாட்டுல திரும்பத் திரும்ப வருதுன்னு நினைச்சுக்கும், அதனால அகலமா விரிஞ்சு போற அலை பக்கத்து காப்பில இருந்து உள்ள நுழைஞ்சிடும். ஃபேஸ் காரணி கிரிட்ல சரியா சாம்பிள் ஆகற எல்லை என்னன்னா, கோணத்தோட டேன் மதிப்பு அகலம் வகுத்தல் ரெண்டு மடங்கு தூரத்துக்குள்ள இருக்கணும். 51.2 மி.மீ அகலம், 50 மி.மீ தூரத்துக்கு அது 27 டிகிரி. அதுக்கு மேல இருக்கற கோணத்தை எல்லாம் கொஞ்சம் மிருதுவா வெட்டி விட்டுடுங்க, நம்ம பீம் 1.6 டிகிரி தானே, சைட் லோப் எல்லாம் சேத்தும் ஒண்ணும் கெடாது. ஆனா 150 மி.மீ தள்ளி போகணும்னா அந்த எல்லை 10 டிகிரிக்குக் கீழ வந்துடும், அப்போ ஜீரோ பேடிங் போட்டு (சுத்தி ஜீரோக்களைச் சேத்து) அகலத்தைக் கூட்டித் தான் ஆகணும்.

ரெண்டாவது பொறி எவனெசன்ட் அலைகள். பக்கவாட்டு அலை எண் ரொம்ப பெருசான இடத்துல ஆழத் திசை அலை எண் கற்பனை எண் ஆயிடும், அந்த அலை தேய்ஞ்சு போகணும். ஆனா ஸ்கொயர் ரூட்டுக்கு ரெண்டு விடை இருக்கே, தப்பான பக்கம் எடுத்தா அது தேயறதுக்குப் பதிலா வெடிச்சு வளரும், ஸ்க்ரீன் முழுக்க NaN (நாட் எ நம்பர்)னு வந்து நிக்கும். நீங்க மைனஸ் ஐ ஒமேகா டி கன்வென்ஷன்ல இருந்தா பைத்தானோட காம்ப்ளக்ஸ் ஸ்கொயர் ரூட் தானாவே சரியான பக்கத்தைக் குடுக்கும், மத்ததுல இருந்தா நீங்களா கான்ஜுகேட் எடுக்கணும்.

ஸ்டீலுக்குள்ள போறது எப்படின்னா, இன்டர்ஃபேஸ் தட்டையா ப்ரோப்புக்கு இணையா இருக்கற வரைக்கும் அது ஒரு பெருக்கல் தான். ஒவ்வொரு பிளேன் வேவுக்கும் அந்த கோணத்துக்கான டிரான்ஸ்மிஷன் கோஎஃபிஷியன்ட்டால பெருக்கிட்டு, அதுக்கப்புறம் ஸ்டீலோட வேகத்தை வெச்சு ஆழத் திசை அலை எண்ணை மாத்தி நகர்த்தணும். ஸ்னெல் விதியைத் தனியா எழுதவே வேண்டாம், பக்கவாட்டு அலை எண் ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கறதால அது தானா நடந்துடும். ஷியர் வேணும்னா ஷியர் கோஎஃபிஷியன்ட், ஷியர் வேகம் வெச்சு இன்னொரு தடவை ஓட்டி கூட்டிக்கலாம்.

கோஎஃபிஷியன்ட் எடுக்கும்போது எதோட கோஎஃபிஷியன்ட்னு பாருங்க. நேர் குத்தா போகும்போது அழுத்தத்துக்கு 1.94 வரும், அதாவது ஸ்டீல்ல ஸ்ட்ரெஸ் தண்ணில இருந்ததை விட அதிகம். இதைப் பாத்து பயந்து ப்ரோக்ராமை மாத்தறவங்க இருக்காங்க. துகள் வேகத்துக்கு அதே இடத்துல 0.062 தான், ரெண்டையும் பெருக்கினா 0.12, அதாவது எனர்ஜில 12% தான் உள்ள போகுது, மிச்சம் 88% திரும்பிடுது. கணக்கு சரியாத் தான் இருக்கு, புத்தகத்துல எந்த அளவுக்கு டேபிள் போட்டிருக்காங்கன்னு பாக்காம எடுத்தா தான் சிக்கல்.

ஸ்டெப் 5: ஒரே ஃப்ரீக்வென்ஸில இருந்து பல்ஸுக்கு

நிஜ ப்ரோப் பல்ஸ் தான் விடும். 1ல இருந்து 8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளில 141 ஃப்ரீக்வென்ஸி எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டெப் 4ஐ ஓட்டி, ப்ரோப்போட ஸ்பெக்ட்ரத்தால பெருக்கி, இன்வர்ஸ் எஃப்எஃப்டி போட்டா டைம் சிக்னல். 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளின்னா டைம் ஜன்னல் 20 மைக்ரோசெகண்ட், ஆனா தண்ணியைத் தாண்டவே 33.8 மைக்ரோசெகண்ட் ஆகுது, அப்படியே போட்டா சிக்னல் சுத்தி வந்து தப்பான இடத்துல உக்காரும். நடு அச்சுல ஆகற தாமதத்தை முதல்லயே ஃபேஸ்ல கழிச்சிட்டு, கடைசில டைம் அச்சுல திரும்ப கூட்டிக்கங்க.

ஸ்பெக்ட்ரத்துக்கு கேட்டலாக் நம்பரை நம்பாதீங்க. அதே ப்ரோப்பால ஒரு தடிமனான பிளாக்ல இருந்து ஒரு எக்கோ எடுத்து, அதுல இருந்து வர்ற ஸ்பெக்ட்ரத்தை வெச்சுக்கங்க, கேபிள், பல்ஸர் (ப்ரோப்புக்கு மின் துடிப்பு குடுக்கற கருவி) எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும்.

டைம்லயே நேரா பண்ணணும்னா ஸ்பேஷியல் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் இருக்கு, டுஃபோம் 1969லயும் ஸ்டெபானிஷன் 1971லயும் குடுத்தது. வட்ட ப்ரோப்போட அச்சுல அந்த ரெஸ்பான்ஸ் ஒரு செவ்வக டப்பா: நடுவுல இருந்து அலை வந்து சேரும்போது ஆரம்பிச்சு, ஓரத்துல இருந்து வந்து சேரும்போது முடியும். அழுத்தம் அதோட டெரிவேட்டிவ் தானே, அதனால ஆரம்பத்துல ஒரு பல்ஸ், முடிவுல தலைகீழா இன்னொரு பல்ஸ், நேர் அலை, எட்ஜ் வேவ் ரெண்டும் கண்ணுக்கு நேரா தெரியும். நியர் ஃபீல்ட்ல ஏன் ஏற்ற இறக்கம் வருதுன்னு இதை விட தெளிவா காட்டற மெத்தட் இல்லைன்னு நினைக்கறேன். டென்மார்க்ல யென்சன் எழுதின ஃபீல்ட் 2 சாஃப்ட்வேர் இதை அடிப்படையா வெச்சது தான், மெடிக்கல் ஸ்கேன் ஆளுங்க அதைத் தான் அதிகமா பயன்படுத்தறாங்க.

அப்புறம் மல்டி காஸியன் பீம். வென், ப்ரீஸீல் ரெண்டு பேரும் 1988ல வெறும் 10 காஸியன் பீமைக் கூட்டி பிஸ்டன் ஃபீல்டைக் கொண்டு வந்துட்டாங்க. வளைஞ்ச இன்டர்ஃபேஸ், சாய்வான ப்ரோப் எல்லாத்துக்கும் கண்ணிமைக்கற நேரத்துல விடை வரும், பாராமீட்டரை மாத்தி மாத்தி ஆயிரம் தடவை ஓட்டணும்னா இது தான். ஆனா பாராக்ஸியல் அனுமானம் (அலை அச்சை ஒட்டியே போகுதுங்கறது) உள்ள இருக்கறதால ப்ரோப்புக்கு ரொம்ப பக்கத்துலயும் கிரிட்டிகல் கோணத்துக்கு பக்கத்துலயும் பொய் சொல்லும்.

ஸ்டெப் 6: இப்போ தான் மெஷ், அதுவும் ஓட்டையைச் சுத்தி மட்டும்

முதல்ல முழுசா மெஷ் போட்டா என்ன ஆகும்னு கணக்கு பாத்துடலாம். 8 மெகாஹெர்ட்ஸ்ல தண்ணில வேவ்லெங்க்த் 0.185 மி.மீ, அதுக்கு 10 புள்ளின்னா கிரிட் 0.0185 மி.மீ. 30 மி.மீ அகலம், 70 மி.மீ ஆழம்னா 2டிலயே 61 லட்சம் செல். டைம் ஸ்டெப் 2 நானோசெகண்ட், போயிட்டு திரும்பி வர 80 மைக்ரோசெகண்ட், ஆக 40,000 ஸ்டெப். செல் அப்டேட் மொத்தம் கிட்டத்தட்ட 24,500 கோடி. 3டின்னா கேக்கவே வேண்டாம், 1000 கோடி செல், செல்லுக்கு 9 வேரியபிள், மெமரி மட்டும் 350 ஜிபிக்கு மேல.

அதே வேலைக்கு ஸ்டீல்ல ஓட்டையைச் சுத்தி 15 மி.மீ அகலம், 12 மி.மீ உயரம் மட்டும் எடுங்க. இங்க சின்ன வேவ்லெங்க்த் 8 மெகாஹெர்ட்ஸ் ஷியர், 0.404 மி.மீ. கிரிட் 0.03 மி.மீன்னா 13 புள்ளிக்கு மேல கிடைக்குது. 2 லட்சம் செல், 3.2 நானோசெகண்ட் ஸ்டெப், 8 மைக்ரோசெகண்டுக்கு 2500 ஸ்டெப், மொத்தம் 50 கோடி அப்டேட். ஏறக்குறைய 500ல ஒரு பங்கு. மெஷ் போடறது கடைசி வேலைன்னு ஆரம்பத்துல சொன்னதுக்கு கணக்கு இது தான்.

மெத்தட் என்னன்னா ஸ்டேகர்ட் கிரிட் எஃப்டிடிடி (டைம்ல ஸ்டெப் ஸ்டெப்பா போற ஃபைனைட் டிஃபரன்ஸ் கணக்கு), விரியோ 1986ல பூகம்ப அலைக்கு எழுதினது, என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாம சோதிக்கறது) பக்கம் இதோட ரொம்ப நெருங்கின சொந்தம் எஃபிட் (EFIT), ஜெர்மனில காசல் குரூப்ல இருந்து வந்தது. 2டில அஞ்சு வேரியபிள்: ரெண்டு வேகம், ரெண்டு நார்மல் ஸ்ட்ரெஸ், ஒரு ஷியர் ஸ்ட்ரெஸ். எல்லாம் ஒரே புள்ளில உக்காராது, அரை செல் தள்ளித் தள்ளி இருக்கும், டைம்லயும் வேகம் அரை ஸ்டெப் தள்ளி. ஒரு ஸ்டெப்ல ஸ்ட்ரெஸோட வித்தியாசத்துல இருந்து வேகம், அடுத்து வேகத்தோட வித்தியாசத்துல இருந்து ஸ்ட்ரெஸ், இப்படியே மாத்தி மாத்தி. லாம்டா, மியூன்னு ரெண்டு எலாஸ்டிக் மாறிலி வேணும்; ஸ்டீலுக்கு லாம்டா பிளஸ் 2 மியூ 273 ஜிகாபாஸ்கல், மியூ 81.9, லாம்டா 109.5, இந்த மூணும் வேகத்துல இருந்தும் அடர்த்தில இருந்தும் தான் வருது.

டைம் ஸ்டெப் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு சொல்றது சிஎஃப்எல் கண்டிஷன், கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூணு பேரும் 1928லயே சொன்னது. 2டில கிரிட் இடைவெளியை ரூட் 2 பெருக்கல் அதிகபட்ச வேகத்தால வகுக்கணும், 3.6 நானோசெகண்ட் வருது, 0.9ஆல பெருக்கி 3.2. இதைத் தாண்டினா கொஞ்சம் கூட இரக்கம் இல்லாம வெடிச்சுடும், அது ஒரு வகைல நல்லது, உடனே தெரிஞ்சிடும்ல. மோசமானது நியூமெரிக்கல் டிஸ்பெர்ஷன் (கிரிட்டால அலையோட வேகம் மாறிப் போறது), ஏன்னா அது அமைதியா தப்பு பண்ணும். வேவ்லெங்க்துக்கு 10 புள்ளி வெச்சா செகண்ட் ஆர்டர் ஸ்கீம்ல வேகம் 1.6% வரைக்கும் குறையலாம், 20 வேவ்லெங்க்த் போனதும் மூணுல ஒரு பங்கு சைக்கிள் பின்தங்கிடும். 20 புள்ளின்னா 0.4% தான். நம்ம பெட்டி சின்னது, ஓட்டைக்குப் போயிட்டு வர்ற தூரமும் கம்மி, அதனால 13 புள்ளி தாங்கும். நீளமா போகணும்னா ஃபோர்த் ஆர்டர் போடுங்க, கோஎஃபிஷியன்ட் 9/8ம் மைனஸ் 1/24ம், ஆனா அதுல டைம் ஸ்டெப் எல்லையும் ஏழுல ஆறு பங்கா சுருங்கும்.

ஓட்டைக்குள்ள காத்து தான், அதை மாடல் பண்ணவே வேண்டாம். அந்த செல்கள்ல எலாஸ்டிக் மாடுலஸை ஜீரோ ஆக்கிடுங்க, ஷியர் ஸ்ட்ரெஸ் புள்ளிகள்ல சுத்தி இருக்கற நாலு மியூவோட ஹார்மானிக் சராசரி எடுங்க, அதுல ஒண்ணு ஜீரோன்னா சராசரியும் ஜீரோ, ஃப்ரீ சர்ஃபேஸ் தானா அமைஞ்சிடும். 1.5 மி.மீ ஓட்டை குறுக்கால 50 செல் வருது, வட்டம் படிக்கட்டா இருந்தாலும் இந்த அளவுல பெருசா தெரியாது.

எல்லைக்கு பிஎம்எல் (அலையைத் திருப்பி விடாம உறிஞ்சற லேயர்), பெரஞ்சே 1994ல எலக்ட்ரோமேக்னடிக்ஸுக்கு எழுதினது, நாலு பக்கமும் 20, 30 செல் போதும். சும்மா ரிஃப்ளெக்ட் ஆகாம இருந்தா சரின்னு டேம்பிங் லேயர் மட்டும் போடறவங்களும் உண்டு, அது வேலை செய்யும், ஆனா நல்லா தடிமனா வேணும்.

பீமை உள்ள கொண்டு வர்றது தான் எல்லாரும் திணறற இடம். ஸ்டெப் 5ல வந்த டைம் சிக்னலை பெட்டியோட மேல் பக்கத்துல ஒரு வரிசை புள்ளில, ஒவ்வொரு புள்ளிக்கும் அதோட சொந்த சிக்னலோட, கிரிட்ல இருக்கற மதிப்போட கூட்டுங்க. கூட்டணும், அழிச்சு எழுதக் கூடாது. அழிச்சு எழுதினா அந்த வரிசை ஒரு சுவர் மாதிரி ஆகி, ஓட்டைல இருந்து திரும்பி வர்ற எக்கோவை மறுபடி கீழ அடிச்சிடும். கூட்டற சோர்ஸ் மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் அலை விடும், மேல போறதை பிஎம்எல் சாப்பிட்டுடும். வேகம், ஸ்ட்ரெஸ் ரெண்டையும் சரியான விகிதத்துல போட்டா ஒரு பக்கம் மட்டும் போகும், கொஞ்சம் மெனக்கெடணும். எது போட்டாலும் முதல்ல ஓட்டையே இல்லாம ஒரு ரன், ஓட்டையோட ஒரு ரன், ரெண்டையும் கழிச்சா சிதறின அலை மட்டும் சுத்தமா கைல நிக்கும்.

படத்துல பாத்தீங்கன்னா ஓட்டையோட மேல் முகத்துல இருந்து ஒரு பலமான எக்கோ, அதுக்குப் பின்னாடி சின்னதா இன்னொண்ணு வரும். இது கிரிட் பண்ற சேட்டைன்னு நினைச்சு ஃபில்டர் போட்டுடாதீங்க, ஓட்டையைச் சுத்தி ஊர்ந்து வர்ற கிரீப்பிங் வேவ் அது, நிஜ ஏ-ஸ்கேன்லயும் (நேரத்தோட எக்கோவைக் காட்டற படம்) தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 2டில ஓட்டை சரியாத் தான் இருக்கு, அது நீளமான சிலிண்டர் தானே. ஆனா பீம் 3டி. வட்ட ப்ரோப்பை 2டி கிரிட்ல நேரா வரைஞ்சா அது முடிவில்லாத நீளப் பட்டை ஆயிடும், அச்சுல அந்த ஆழமான ஜீரோக்கள் வராது, தூரத்தோட குறையற விதமும் வேற. நாம 3டி ஆங்குலர் ஸ்பெக்ட்ரத்துல இருந்து நடு வெட்டை எடுத்து உள்ள விடறதால அந்த தப்புல இருந்து பெருமளவு தப்பிச்சுடறோம், மிச்சம் அந்த சில மி.மீ பயணத்துல வர்றது மட்டும் தான்.

எஃப்இஎம், கே-வேவ் எல்லாம் எப்போ?

விரிசல் சாய்வா இருக்கு, வெல்டு வளைவா இருக்குன்னா படிக்கட்டு கிரிட் அடி வாங்கும், அங்க எஃப்இஎம் (ஃபைனைட் எலிமென்ட் மெத்தட்) நல்லது. எக்ஸ்ப்ளிசிட் சால்வர் (பெரிய மேட்ரிக்ஸ் தீர்க்காம ஸ்டெப் ஸ்டெப்பா போறது), லம்ப்டு மாஸ் (நிறையை நோட்கள்ல குவிச்சு வெக்கறது), இது இல்லாம அல்ட்ராசோனிக்ஸ்ல எஃப்இஎம் பத்தி பேசாதீங்க. இம்பீரியல் காலேஜ்ல இருந்து வந்த போகோ சாஃப்ட்வேர் ஜிபியூல ஓடும், வேகம் மிரட்டும். ஸ்பெக்ட்ரல் எலிமென்ட்னா வேவ்லெங்க்துக்கு அஞ்சாறு நோட் போதும், பைப், தகடு வழியா நீளமா போற கைடட் வேவ் கேஸுக்கு அருமை. கே-வேவ் சாஃப்ட்வேர் லண்டன்ல யூசிஎல் ட்ரீபி, காக்ஸ் எழுதினது, இலவசம், திசுக்குள்ள போற அலைக்கு கேள்வியே கேக்காம அதை எடுங்க. ஆனா தண்ணில இருந்து ஸ்டீல் மாதிரி திடீர்னு மாறற எல்லைல அது பயன்படுத்தற ஃபூரியர் மெத்தட் நெளியும், அங்க வேவ்லெங்க்துக்கு மூணு புள்ளி போதும்னு விளம்பரத்தை நம்பி உக்காரக் கூடாது. பிரான்ஸோட சிஇஏ ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின சிவா சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கறது, உள்ள பெரும்பாலும் நாம இங்க சொன்ன மாதிரி செமி அனலிட்டிக்கல் கணக்கு தான் ஓடுது.

ஸ்டெப் 7: கிரிட்ல இருந்து ஏ-ஸ்கேனுக்கு

சிதறின அலையை மறுபடி ஸ்டீல் வழியா, தண்ணி வழியா ப்ரோப் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல. ஆல்ட் 1979ல குடுத்த ரெசிப்ராசிட்டி (அனுப்பறதையும் வாங்கறதையும் மாத்திப் போட்டாலும் பொருந்தற தொடர்பு) இருக்கு: ஓட்டையைச் சுத்தி ஒரு கோடு போட்டு, அதுல ஓட்டை இல்லாத ஃபீல்டோட ஸ்ட்ரெஸ், வேகம் ரெண்டையும் ஓட்டை இருக்கும்போது வர்ற வேகம், ஸ்ட்ரெஸோட குறுக்கா பெருக்கி கழிச்சு கூட்டினா ப்ரோப்ல வர்ற வோல்டேஜ் ஸ்பெக்ட்ரம் வந்துடும். அனுப்பற ப்ரோப்பும் வாங்கற ப்ரோப்பும் ஒண்ணா இருக்கறதால ஓட்டை இல்லாத ரன் ஏற்கனவே கைல இருக்கு, புதுசா ஒண்ணும் ஓட்ட வேண்டாம்.

ஸ்டெப் 8: நம்பலாமான்னு பாக்கறது

வரிசை இது. ஸ்டெப் 2ல எழுதி ஒட்டின மூணு நம்பர். அப்புறம் கிரிட்டைப் பாதியாக்கி இன்னொரு ரன், எக்கோ உச்சமும் நேரமும் மாறாம நிக்குதான்னு. அப்புறம் பிஎம்எல் தடிமனைக் கூட்டி ஒரு ரன். அப்புறம் தான் டேங்க்.

தண்ணிக்குள்ள ஃபீல்டை ஹைட்ரோஃபோன் (தண்ணிக்குள்ள வெக்கற மைக்) வெச்சு ஸ்கேன் பண்ணலாம், வெளிச்சம் வெச்சும் பாக்கலாம். அல்ட்ராசோனிக் அலை ஒளியை எப்படி டிஃப்ராக்ட் பண்ணுதுன்னு நம்ம சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் 1930கள்ல பெங்களூர்ல இருந்து எழுதின தியரி இன்னைக்கும் இந்த வேலைல அடிப்படை பாடம்.

டேங்க்ல முதல்ல தெர்மாமீட்டரை விடுங்க. 1480ங்கறது 20 டிகிரி தண்ணிக்கு. சென்னைல ஒரு லேப்ல டேங்க் 30 டிகிரில சாதாரணமா நிக்கும், அப்போ வேகம் 1509, போயிட்டு வர 100 மி.மீ தண்ணிலயே 1.3 மைக்ரோசெகண்ட் முன்னாடி வந்துடும், அது 5 மெகாஹெர்ட்ஸ்ல ஆறு சைக்கிளுக்கு மேல. ஸ்டீல் மேற்பரப்பு எக்கோவை வெச்சு தண்ணி நேரத்தைப் பொருத்துங்க, அப்புறம் ஆம்ப்ளிட்யூட். வோல்டேஜை வோல்டேஜோட நேரா ஒப்பிட முடியாது, அதனால ஓட்டையோட எக்கோவை அதே பிளாக்கோட பேக் வால் (அடிப்பக்கம்) எக்கோவால வகுத்து டிபில போடுங்க, ஸ்டெப் 4லயே பேக் வாலுக்கும் ஒரு கணக்கு ஓட்டிடலாம், பிளேன் ரிஃப்ளெக்டர் தானே. ரெண்டும் இன்னும் ஒத்து வரலைன்னா ப்ரோப்போட விட்டத்தைச் சந்தேகப்படுங்க, மேல எழுதியிருக்கற 12.7 கிரிஸ்டலோட அளவு, நிஜமா அதிர்ற விட்டம் அதை விட கொஞ்சம் கம்மியா இருக்கலாம். அச்சுல எக்கோ உச்சம் எந்த தூரத்துல வருதுன்னு அளந்து, அந்த தூரத்துல இருந்து விட்டத்தைப் பின்னோக்கி கணக்கு போட்டு, அதை ஸ்டெப் 1ல வெச்சு மறுபடி ஓட்டுங்க.